நான் எழுதிய கோளாறு அறிக்கை

அலுவலகத்து மெயில் ப்ராக்ஸியை அடுத்த மாதம் அணைக்கப் போகிறார்களாம். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிரவீணா போனில் சொன்னாள். மெயில் முழுவதும் வெளியே ஒரு பெரிய கம்பெனியின் கைக்குப் போகிறது. "நீங்க அமைச்சு வெச்ச மெஷின் சார். அதுக்கு ஒரு வழியனுப்பு மலர் போடறோம். நீங்க ரெண்டு பக்கம் எழுதணும். சிரிக்கிற மாதிரி இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

சிரிக்கிற மாதிரி என்னிடம் நிறைய இருக்கிறது. மெயில் வரவில்லை என்று மூன்று நாள் புகார் கொடுத்துவிட்டு, அத்தனை நாளும் பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு விஞ்ஞானி இருந்தார். பாஸ்வேர்டை மறக்காமல் இருக்க விசைப்பலகையின் அடியில் ஒட்டி வைத்து, பிறகு விசைப்பலகையையே மாற்றக் கொடுத்துவிட்ட அதிகாரி இருந்தார். எழுத உட்கார்ந்தால் கை அந்தப் பக்கம் போகவில்லை. மூன்று மாதமாக வேறொன்று எழுதக் காத்திருக்கிறது. பிரவீணா, இதை மலரில் போடுவதானால் முழுசாகப் போடு. இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் அலுவலகத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி இருக்கிற அரசு ஆய்வுக்கூடம் அது. இரும்பும் காங்கிரீட்டும் உப்புநீரில் எப்படி அரித்துப்போகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. எங்கள் விசைப்பலகைகளும் அதே காற்றில்தான் இருந்தன, அவையும் அரித்துப்போயின. நான் திண்டுக்கல்லில் படித்து, சென்னையில் ஒரு வருஷம் கேபிள் இழுத்து, பிறகு இங்கே கணினிப் பிரிவில் சேர்ந்தவன். ஓய்வு பெறும் வரைக்கும் மெயில்தான் என் பொறுப்பு. இப்போது கூடுவாஞ்சேரியில் குடியிருக்கிறேன்.

ப்ராக்ஸி என்றால் என்ன என்று என் மனைவி கேட்டபோது ஆஸ்பத்திரியை வைத்துச் சொன்னேன். முன்னால் டோக்கன் மேசை, உள்ளே டாக்டர். நோயாளி மேசையோடுதான் பேசுவார். மேசையில் இருப்பவர் உள்ளே போய் டாக்டரிடம் சொல்லி, பதிலைக் கொண்டுவந்து சொல்வார். டாக்டரின் குரல் நோயாளிக்குக் கேட்காது. மேசைதான் ப்ராக்ஸி, டாக்டர்தான் சர்வர். நீங்கள் பெயரும் பாஸ்வேர்டும் அடிக்கும்போது அதை வாங்கிக்கொள்வது ப்ராக்ஸி. சரியா தப்பா என்று தீர்மானிப்பது சர்வர்.

இதில் ஒரு விஷமம் உண்டு. உள்ளே என்ன நடந்தாலும், வெளியே இருப்பவருக்கு 'பாஸ்வேர்டு தவறு' என்ற ஒரே பதிலைத்தான் எங்கள் ப்ராக்ஸி சொல்லும். சர்வர் படுத்திருந்தாலும் அதே பதில், சர்வருக்குக் கட்டளை புரியாவிட்டாலும் அதே பதில். அப்படி அமைத்தது நான்தான். உள்ளே இருக்கும் குறைகளை வெளி ஆட்களுக்குக் காட்டக் கூடாது என்று பாதுகாப்பு விதிகளில் படித்திருந்தேன். அமைத்தவனுக்கே அது மறந்துபோகும் என்று அந்த விதிகளில் போட்டிருக்கவில்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் தணிகாசலம் சார், கோயம்புத்தூர்க்காரர். வாசல் பெருக்குகிறவர் முதல் இயக்குநர் வரை எல்லாரையும் 'வாங்க, போங்க' என்பார். குரலை உயர்த்த மாட்டார், ஆனால் கூடவே உட்கார்ந்து உயிரை எடுப்பார். ஒரு தடவை சர்வரின் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள், அரிப்பு ஆய்வுப் பிரிவின் மூத்த விஞ்ஞானி ஒருவருக்கு மெயில் திறக்கவில்லை. "பாஸ்வேர்டு தவறுன்னு வருதே" என்றார். நான் அவருக்குப் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தேன், கேபிளை மாற்றினேன், கடைசியில் கம்ப்யூட்டரையே மாற்றினேன். இரண்டு நாள் ஓடியது. தணிகாசலம் சார் வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"தவறுன்னு யாருங்க சொன்னது?"

"சிஸ்டம் சொல்லுது சார்."

"சிஸ்டம்னு ஒருத்தர் இல்லீங்க சேது. ப்ராக்ஸி சொல்லுச்சா, சர்வர் சொல்லுச்சா?"

அன்றைக்கு அவர் என்னைச் செய்யவைத்த முறையைப் பிறகு எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். ப்ராக்ஸி மெஷினில் உட்கார்ந்து, அங்கிருந்து சர்வருக்கு நேராக ஒரு இணைப்பைத் திறக்க வேண்டும். முதலில் சர்வர் வணக்கம் சொல்லும். பிறகு ப்ராக்ஸி என்னென்ன கட்டளைகளை அனுப்புமோ அவற்றை ஒவ்வொன்றாக நம் கையால் அடிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் சர்வர் மூன்றில் ஒரு பதிலைச் சொல்லும்: சரி, இல்லை, புரியவில்லை. கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் நாம் சொன்னது, வலது பக்கம் அது சொன்னது, நேரத்தோடு எழுத வேண்டும். வெறுமனே திரையைப் பார்த்தால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். எழுதும்போதுதான் புத்தி வரும் என்பார்.

"இல்லைன்னு வந்தா, அடிச்சவர் தப்பா இருக்கலாம். புரியலைன்னு வந்தா அது நம்ம தப்புங்க. பதிலே வரலைன்னா, அதைவிடப் பெரிய நம்ம தப்பு."

அன்று 'புரியவில்லை' என்றுதான் வந்தது. பழைய ப்ராக்ஸி அனுப்பிய ஒரு பழைய கட்டளையைப் புது சர்வர் நிறுத்திவிட்டிருந்தது. ஒரு வரியை மாற்றியதும் விஞ்ஞானியின் மெயில் திறந்துகொண்டது. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் காபி வரவழைத்தார். அந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூட, அவர் தப்பாக அடித்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றவில்லை. கோளாறு நம்முடையது என்று எடுத்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர் தபால் பிரிவில் ஒப்பந்தப் பணியாளர். அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி இன்னொரு பஸ் மாறி வருவாள். அவள் அப்பா ஆபிரகாம் ஊரில் அடுத்தவர் நிலங்களில் கூலிக்குப் போனவர். அந்தக் குடும்பத்தில் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய முதல் ஆள் அவள்தான். எட்டு வருஷமாக வந்துகொண்டிருந்தாள், இன்னும் ஒப்பந்தம்தான்.

தபால் பிரிவில் ஆறு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். பொதுக் கணினி என்பதால் வேலை முடிந்ததும் மெயிலிலிருந்து வெளியேறிவிட வேண்டும் என்று நான் ஒரு தாளில் பெரிதாக எழுதி அதற்கு மேலே ஒட்டியிருந்தேன். அதிகாரிகளுக்குத் தனித்தனிக் கம்ப்யூட்டர். அவர்களுடைய மெயில் காலையில் ஒரு தடவை திறந்தால் மாலை வரை திறந்தே கிடக்கும். நான் ஒட்டிய தாளை ஒழுங்காகப் பின்பற்றியவர்கள் தபால் பிரிவு ஆட்கள் மட்டும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு எஸ்தர் இன்டர்காமில் கூப்பிட்டாள்.

"சார், தபால்லேர்ந்து எஸ்தரு பேசறேன். மெயிலு தெறக்க மாட்டேங்குது சார். பாஸ்வேர்டு தப்புன்னே வருது."

"கேப்ஸ் லாக் பாத்தியா?"

"பாத்தேன் சார், ஆப்லதான் கீது."

"நிதானமா அடிம்மா" என்று வைத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றாள். மறுபடியும் அடித்துப் பார்த்தாளாம், அதே பதில். ஒப்பந்தப் பணியாளர்களில் சிலரை நிரந்தர வேலைக்கு எடுக்க ஒரு தேர்வு வைக்கப் போவதாக நிர்வாகப் பிரிவிலிருந்து முந்தைய நாள் சாயங்காலம் மெயில் வந்திருக்கிறது. தகுதியானவர்கள் இன்று ஐந்து மணிக்குள் சம்மதம் என்று தங்கள் சொந்த மெயிலிலிருந்து பதில் போட வேண்டும். கூட வேலை செய்யும் குமார் சொல்லித்தான் அவளுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. நிர்வாகப் பிரிவுக்கு நேரில் போய்க் கேட்டதற்கு, மெயில் தவிர வேறெதுவும் செல்லாது என்று அனுப்பிவிட்டார்கள்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போட்டாவணும் சார். எட்டு வருசமா இதுக்குத்தான் சார் காத்துகினு கீறேன்."

இதை அவள் என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. நான் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "சும்மா சும்மா அடிக்காத, கணக்கு பூட்டிக்கும். ரெண்டரைக்கு நானே வர்றேன்" என்றேன். அவளும் சொன்னபடியே தொடாமல் இருந்தாள்.

இரண்டரைக்குப் போனேன். ஆறு பேரும் இருந்தார்கள். முதலில் குமாரைக் கேட்டேன், "உனக்குத் தெறக்குதா?"

"காலையிலயே தெறந்துட்சி சார். பதிலும் போட்டுட்டேன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. "அதே மெஷின், அதே வயரு. குமாருக்குத் தெறக்குது, உனக்குத் தெறக்கல. அப்ப தப்பு எங்க இருக்கு?" என்றேன். எஸ்தர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லி அடி."

"பாஸ்வேர்டு சார்..." என்று தயங்கினாள். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதும் என் தாளில்தான் இருந்தது, அவள் தலைக்கு மேலேயே.

"பரவால்ல, சொல்லு. பின்னாடி மாத்திக்கலாம்."

சொன்னாள். அவள் அப்பாவின் பெயர், அதன் பின்னால் அவள் ஏறும் பஸ்ஸின் எண். ஒவ்வொரு எழுத்தையும் சின்னக் குரலில் சொல்லி, ஒற்றை விரலால் அடித்தாள். அப்பா பெயர் என்று புரிந்ததும் பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கடைசி எண்ணை அடித்து முடித்தாள். பாஸ்வேர்டு தவறு என்று வந்தது.

"பாத்தியா?" என்றேன்.

எதைப் 'பாத்தியா' என்று கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் சரியாகத்தான் அடித்தாள், என் கண்ணெதிரில் அடித்தாள். நான் பார்த்தது அவள் விரல்களை அல்ல, அவளை. பஸ் மாறி வருகிற, ஒற்றை விரலால் அடிக்கிற ஒப்பந்தக்காரி. அவள் மறந்திருப்பாள், பாஸ்வேர்டு வேறாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். பாஸ்வேர்டு மாற்றும் படிவத்தைக் கொடுத்து, பிரிவு அதிகாரியின் கையெழுத்து வாங்கி வா, அதுவரை தொடாதே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிரிவு அதிகாரி அன்று செங்கல்பட்டில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அது எனக்கும் தெரியும். என்னாலேயே அந்த நிமிஷம் மாற்றிக் கொடுத்திருக்க முடியும். விஞ்ஞானிக்கு எந்தப் படிவமும் இல்லாமல்தானே மாற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் எஸ்தர் இயக்குநருக்கு ஒரு மனு எழுதினாள். மெயில் திறக்காததால் பதில் போட முடியவில்லை, தன்னையும் தேர்வுக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தாள். மெயில் அமைப்பில் அன்று கோளாறு இருந்ததா என்று நிர்வாகம் எங்களிடம் அறிக்கை கேட்டது. கோளாறு இருந்தது என்று நாங்கள் ஒரு வரி எழுதினால் அவளைச் சேர்த்துக்கொள்வார்கள். தணிகாசலம் சார் மனுவை என்னிடம் கொடுத்து, "ரெண்டு பக்கமும் எடுத்துப் பாருங்க சேது" என்றார்.

ப்ராக்ஸியின் பதிவேட்டில், அன்று ஐந்து மணிக்கு முன்னால் எஸ்தரின் பெயரில் மூன்று வரிகள் இருந்தன. ஒன்பது பத்து, பத்து ஐம்பது, இரண்டு முப்பத்தைந்து. மூன்றிலும் லாகின் தோல்வி. நான் நினைத்தபடியே இருந்தது. பிறகு சர்வரின் பதிவேட்டைத் திறந்து எஸ்தரின் பெயரைத் தேடினேன். அந்த மூன்று நேரங்களிலும் அவள் பெயரே இல்லை. சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவள் அடித்தது சர்வரின் காதுக்கே எட்டவில்லை. நோட்டில் வலது பக்கம் எழுத எதுவும் இல்லாமல் கை நின்றது.

பதிவேட்டை மேலே நகர்த்தினேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வரி, ஒரே பெயரில்: லாகின் இல்லை, லாகின் இல்லை, லாகின் இல்லை. ஐந்தாவது வரிக்குப் பிறகு, இந்த முகவரிக்கு அரை மணி நேரம் கதவடைப்பு. அந்தப் பெயர் என்னுடைய சோதனைக் கணக்கு.

மெயில் ஓடுகிறதா என்று பார்க்க ப்ராக்ஸியில் நான் ஒரு சின்ன நிரலை வைத்திருந்தேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அது சோதனைக் கணக்கில் நுழைந்து பார்க்கும். நுழைய முடியாவிட்டால் என் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். அந்தத் திங்கட்கிழமை அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை சர்வரில் மாற்றியிருந்தேன். நிரலில் மாற்ற மறந்துவிட்டேன். மணி அடித்திருக்குமே என்பீர்கள். அதற்கு முந்தைய வாரம் பராமரிப்பு வேலையின்போது ஓயாமல் அடிக்கிறது என்று மணியை நானே நிறுத்தி வைத்திருந்தேன். ஐந்து தடவை தவறான பாஸ்வேர்டு வந்தால் அது வந்த மெஷினின் முகவரியை சர்வர் அரை மணி நேரம் உள்ளே விடாது. ஆனால் சர்வரைப் பொறுத்தவரை எல்லா மெயிலும் வருவது ஒரே முகவரியிலிருந்து, அது ப்ராக்ஸி. என் நிரலுக்காக சர்வர் அலுவலகம் முழுவதற்கும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் திறக்கும், அரை மணி மூடும். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை அது தொடாது. அதிகாரிகளின் கம்ப்யூட்டர்கள் தாமாகவே திரும்பத் திரும்ப முயன்று, அவர்கள் டீ குடித்து வருவதற்குள் நுழைந்துவிட்டன. தபால் பிரிவில் மற்றவர்கள், தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டி நுழைந்திருக்கிறார்கள். குமார் திறந்திருந்த பத்து நிமிஷத்தில் போனான். எஸ்தர் மூன்று தடவையும் மூடிய நேரத்தில் தட்டினாள். நாலாவது தடவை தட்டாதே என்று சொன்னவன் நான்.

சர்வரின் பதிவேட்டில் எஸ்தரின் பெயரில் ஒரே ஒரு வரி இருந்தது. மாலை ஐந்து நாற்பதுக்கு அவள் மறுபடியும் ஒரு தடவை அடித்திருக்கிறாள். எல்லாரும் கிளம்பிய பிறகு, என் பேச்சை மீறி. அப்போது சர்வர் 'சரி' என்றிருக்கிறது. பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. அதே அப்பா பெயர், அதே பஸ் எண். உள்ளே போய் அந்த மெயிலைத் திறந்து படித்திருக்கிறாள், நாற்பது நிமிஷம் தாமதமாக.

எல்லாவற்றையும் பழக்க தோஷத்தில் நோட்டில் எழுதினேன். நிரலில் பாஸ்வேர்டைத் திருத்தினேன், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு அறிக்கைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வேலை போய்விடும் என்று நான் பயப்படவில்லை. ஒரு மெமோ வந்திருக்கும், அவ்வளவுதான். தபால் பிரிவுக்குப் போய், அந்த ஆறு பேருக்கு முன்னால், தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டியிருக்கும். 'பாத்தியா' என்று கேட்ட அதே இடத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கூச்சம்தான். அந்த ஐந்து நிமிஷக் கூச்சத்துக்கு ஒரு பெண்ணின் எட்டு வருஷத்தைக் கொடுத்தேன்.

'மெயில் அமைப்பில் கோளாறு ஏதும் கண்டறியப்படவில்லை. பயனர் கடவுச்சொல்லைத் தவறாகப் பதிவிட்டுள்ளார்.' இதுதான் நான் எழுதியது. தணிகாசலம் சார் பேனாவைத் திறந்தபடி கேட்டார்.

"ரெண்டு பக்கமும் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன் சார்."

"சர்வர் என்னங்க சொல்லுது?"

"அதேதான் சார்."

என் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். நோட்டைக் கேட்கவில்லை. அவர் நோட்டைக் கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. மனு தள்ளுபடி ஆனது. அதோடு நிற்கவில்லை. கடவுச்சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துவது குறித்து நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டு, 'தபால் பிரிவுப் பணியாளர் ஒருவர்' என்று என் அறிக்கையையே உதாரணம் காட்டி எல்லாத் தளங்களிலும் ஒட்டியது. பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கேன்டீனில் கொஞ்ச நாள் அது ஒரு கேலியாகவே ஓடியது. சர்வரின் பதிவேடு தொண்ணூறு நாளில் தானே அழிந்துவிடும். நான் அந்த நாட்களை எண்ணினேன். எண்ணியது நான்தான், வேறு யார்மேலும் போட முடியாது.

எஸ்தர் இன்னும் இரண்டு வருஷம் வந்தாள். பிறகு வரவில்லை. எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால், எங்கள் குடியிருப்பில் ஒரு பிள்ளையார் வைப்பது என்று முடிவானது. ஓய்வு பெற்றவன் சும்மாதானே இருக்கிறான் என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்துக்கு மெயில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அளவு, கல், நாள் என்று எல்லாம் வரிசையாகப் பதில் வந்தது. பிழை என்று ஒரு எழுத்து இல்லை. கீழே 'எஸ்தர், அலுவலகப் பொறுப்பு' என்று இருந்தது. பிள்ளையார் கடையில் எஸ்தரா என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அவளாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"சேது சார்தானே? இன்னா சார், முடியெல்லாம் வெள்ளையாயிட்ச்சி?" என்று அவளே எழுந்து வந்தாள். வெளியே உளிச் சத்தம், உள்ளே மேசை முழுக்கக் கல்தூசி. விசைப்பலகையின் மேல் ஈரத்துண்டு போர்த்தியிருந்தது. எனக்குப் பன்னீர் சோடா வரவழைத்தாள். பிறகு எங்கள் ஆர்டரை எடுக்கத் துண்டை விலக்கி, மெயிலுக்குள் நுழைந்தாள். அப்போது அவள் உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு எழுத்தையும் மெல்லச் சொல்லி, ஒற்றை விரலால் அடித்தாள். அதற்குப் பிறகு பத்து விரலும் வைத்து மளமளவென்று பதில் எழுதினாள்.

"பாஸ்வேர்டு மட்டும் இன்னும் அப்படித்தான் சார்" என்று சிரித்தாள். "நீங்க அன்னிக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, வாய்விட்டுச் சொல்லி அடின்னு. அதுலேர்ந்து ஒருவாட்டிகூடத் தப்பு வந்ததில்ல. அன்னிக்கு மட்டும் கொஞ்சம் நிதானமா அடிச்சிருந்தேன்னா... வுடுங்க சார்."

அவள் என் அறிக்கையை நம்பியிருந்தாள். என்னைச் சந்தேகப்பட்டிருப்பாள், திட்டியிருப்பாள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது எனக்கு ஒரு வகையில் வசதியாகவும் இருந்திருக்கிறது. சோடாவைப் பாதியிலேயே மேசைமேல் வைத்தேன். கணக்கு, அளவு என்று ஏதோ பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, பீடத்தின் உயரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டு, பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை சொன்னேன். ப்ராக்ஸி, சர்வர், என் நிரல், கதவடைப்பு, எல்லாம். நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவள் பாதி புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் அடிச்சது கரெக்டா சார்?"

"கரெக்டும்மா."

"மூணு வாட்டியுமா?"

"மூணு தடவையும்."

கொஞ்ச நேரம் விசைப்பலகையின் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"எங்க நைனா சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டிகினே இருந்தாரு சார். 'எம் பேரையே ஒழுங்கா அடிக்கத் தெர்ல, நீ எங்க கவுர்மென்ட்டு வேலைக்குப் போவ'ன்னு. கேலியாத்தான் சொல்லுவாரு. வூட்ல அல்லாரும் சிரிப்போம். நானுந்தான் சிரிப்பேன்."

மன்னித்துவிடு என்று நான் ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வோணாம் சார். அன்னிக்கு நீங்க எழுதுனத அல்லாரும் படிக்கற மாதிரி மாடிக்கு மாடி ஒட்னாங்க. இதையும் அதே மாதிரி எழுதி ஒட்டுங்க. அன்னிக்குப் பேரு போடல. இன்னிக்கு எம் பேரு போட்டு எழுதுங்க. உங்க பேரும் போடுங்க."

பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "பீடம் ரெண்டடியா, மூணடியா சார்?" என்றாள். இரண்டடி என்றேன். உதடு அசைய பாஸ்வேர்டை அடிக்க ஆரம்பித்தவள், பாதியில் வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அடித்து முடித்தாள். திறந்துகொண்டது.

கோயம்புத்தூருக்குப் போன் செய்து தணிகாசலம் சாரிடமும் சொல்லிவிட்டேன். "நோட்டை நான் கேட்டிருக்கணுங்க சேது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். என்னை அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

பிரவீணா, மலரில் ஒட்டு. முடிந்தால் தபால் பிரிவின் சுவரிலும் ஒட்டு.

திருத்திய அறிக்கை. பொருள்: தபால் பிரிவு ஒப்பந்தப் பணியாளர் ஆ. எஸ்தர் அவர்களின் மனு. அன்று மெயில் அமைப்பில் கோளாறு இருந்தது. கோளாறுக்குக் காரணம், பராமரிப்பாளர் சேதுராமனின் சோதனை நிரல். அது அவருக்கு அறிக்கை எழுதும் முன்பே தெரியும். பயனர் எஸ்தர், காலை ஒன்பது பத்துக்கும், பத்து ஐம்பதுக்கும், பிற்பகல் இரண்டு முப்பத்தைந்துக்கும் தன் தந்தையின் பெயரைச் சரியாகவே பதிவிட்டுள்ளார்.